கோடு வரைக்கும் தண்ணீர்

பாப்பா,

இன்றைக்கும் உன் மீன் தொட்டியின் நுரைக் கப்பைக் கழுவினேன். கருவாட்டை ஊறப்போட்டது போன்ற அந்த நாற்றம் சோப்புக்கும் போகாமல் கையிலேயே இருக்கிறது. திருப்பதியில் வேலை கிடைத்து, எங்களை நகரியிலிருந்து அழைத்துவந்த கையோடு இந்தக் கடல்நீர்த் தொட்டியையும் கூடத்தில் வைத்தாய். "ஏழுமலையான் ஊர்ல உட்கார்ந்துக்கினு கடல் மீனா? நல்ல கூத்து" என்று கிண்டல் செய்தேன். "நீ துன்றதுக்கு மட்டும்தான் மீனைப் பார்த்திருக்க நைனா" என்று சிரித்தாய்.

தறி ஓட்டியவனுக்குப் புரியும்படி நீதான் சொன்னாய். ஸ்கிம்மர் என்கிற அந்த மெஷின் தண்ணீருக்குள் காற்றைக் குமிழ் குமிழாக அடிக்கும். அழுக்கு நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறிக் கப்பில் விழும். கண்ணாடியில் நெயில் பாலிஷால் ஒரு கோடும் போட்டாய். "ஆவியா போறது வெறும் தண்ணி நைனா, உப்பு உள்ளயே நின்னுடும். கோடு வரைக்கும் நல்ல தண்ணி ஊத்துனா போதும்."

நீ போன பிறகு அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்க விடவில்லை. ஆரஞ்சு மீன் ஒன்றுதான் மிச்சம். நீ விட்டுப்போனவற்றில் மூச்சு விடுவது அது ஒன்றுதான். தொட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று ஸ்கிம்மரின் திருகைத் திருகி நுரையைக் கூட்டினேன். உன் காலத்தில் கப்பில் டிகாஷன் மாதிரி கொஞ்சமாகத் தேங்கும். எனக்கோ வெளிறிய தண்ணீராகக் கப்பு நிறைய வந்தது. அழுக்கெல்லாம் போகிறதென்று சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் மீன் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ உப்பின் அளவு பார்க்கும் குழாயைக் கண்ணில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு நீலமும் வெள்ளையும்தான் தெரிந்தன. தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு, நீ மீன் வாங்கிய கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "உப்பு ரொம்ப இறங்கிப்போச்சி சார். கப்புல போறது உப்புத் தண்ணி. அதுக்கும் சேர்த்து நல்ல தண்ணியே ஊத்திக்கினு இருந்தா இன்னா ஆவும்?" இன்றைக்கே உப்பைப் போட்டுச் சரிசெய்துவிடட்டுமா என்று கேட்டேன். "வாணாம் சார், மீன் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் உன்னைப் பற்றி இதைத்தானே சொன்னார். ரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது, சட்டென்று ஏற்றினால் மூளை தாங்காது, மெதுவாகத்தான் ஏற்றவேண்டும் என்றார். சொட்டுச் சொட்டாக இறங்கிய பாட்டிலைப் பார்த்தபடி உன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அதைத் தவிர நான் செய்ய எதுவுமே இல்லை. அந்தப் பாட்டில் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது திருகைப் பழையபடி குறைத்துவிட்டேன். தண்ணீர் குறையும்போது நல்ல தண்ணீருக்குப் பதிலாக உப்புக் கரைத்த தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றுகிறேன். ஊற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறேன். மீன் இன்னும் அந்த மூலையில்தான் இருக்கிறது. செவுள் அசைகிறது.

உன் அம்மா பின்னால் வந்து நின்று, "பொழைச்சுக்குமாங்க?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட அதே குரல். அன்றைக்கு நான் சொன்னதையேதான் இப்போதும் சொன்னேன்: "தேறிக்கினு வருது, நீ போய்ப் படு." எனக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை, பாப்பா.