ஜெர்மானியருக்கு ஒன்றரைப் பக்கம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, சென்னை அச்சுக்கூடத்திலிருந்து திருத்தத்துக்கு வந்திருந்த தாள்களை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முகம் கழுவி வந்து மறுபடி திறந்தேன். ஐரோப்பியத் தத்துவத்தைத் தமிழில் சொல்லும் என் முதல் புத்தகம். ஆங்கிலேயருக்கு எண்பது பக்கம், ஜெர்மானியருக்கு ஒன்றரைப் பக்கம். நாளைத் தபாலில் திருப்பி அனுப்பவேண்டும்.

தாள்களுக்கு அடியில் உன் நோட்டு இருந்தது. நீ கண்மூடிய பிறகு உன் அண்ணன் ஆம்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் வாடை இன்னும் போகவில்லை. யுத்த காலத்தில் ஜெர்மன் எழுத்தைக் கண்டாலே போலீசாருக்குச் சந்தேகம். ஜெர்மன் மிஷன் பாதிரியாரின் மனைவியிடம் அந்த மொழியைக் கற்றிருந்த நீ, உன் புத்தகங்களை அண்ணன் வேலை பார்த்த தோல் ஷாப்பில் பட்டை மூட்டைகளுக்கு நடுவே ஒளித்துவைத்தாய். "என் புத்தகம் யாரைச் சுட்டுது?" என்று என்னிடம்தான் கோபப்பட்டாய். அன்று முதல் உன் பெட்டிக்கே அந்த வாடை.

சனிக்கிழமைகளில் வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ரயிலேறி வருவேன். நான் கல்லூரியில் படித்தது ஆங்கிலேயரை; நீ ஜெர்மானியரை. சண்டைக்கு ஒரு சட்டம் வைத்தாய். எதிராளி சொன்னதை முதலில் நாம் சொல்லவேண்டும். "சரி, அதான் நான் சொன்னது" என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகே பதில். சில வாரம் அந்த ஒப்புதலை வாங்குவதிலேயே எனக்கு ரயில் நேரம் வந்துவிடும்.

ஒருநாள் உன் அண்ணனுக்காகத் தோல் ஷாப்பில் காத்திருந்தோம். தோல் தரம் பிரிக்கும் ரஹீம் பாய், பாராமலே கட்டைவிரலால் தடவித் தடவி இந்தக் குவியலிலும் அந்தக் குவியலிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? அறிவு விரல் வழியாத்தான் வருது. எங்க ஆளுங்க சொன்னது இதான்" என்றேன்.

என் கையைப் பிடித்து ஒரு தோலின்மேல் வைத்தாய். "இப்ப உன் விரலுக்கு இன்னா தெரியுது?"

"வழவழன்னு இருக்குது."

"அவ்ளோதானா? விரல் உனக்கும் இருக்குது. வர்றதை வாங்கிப் பிரிச்சு வைக்க உள்ள ஒண்ணு முதல்லயே இருக்கணும், பண்டிதையம்மா."

பாய் நிமிராமலே சொன்னார்: "முப்பது வருசம் தொட்டாத்தான் வரும்மா."

"கேட்டுக்கோ!" என்று துள்ளினேன்.

"இந்த ஷாப்பு எலிங்க பரம்பரை பரம்பரையா தோல்மேலதான் ஓடுது. தரம் தெரிஞ்சுதா?" என்றாய்.

பாய் சிரித்துவிட்டார். "தோலைக் கீழ வெச்சிட்டுச் சண்டை போடுங்கம்மா. பேஜாரா போச்சு."

அப்படிப் பேசிய என்னை வேலூர் மாதர் சங்கத்தில் பேச அழைத்தார்கள். ஜெர்மானியரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "கதவைச் சாத்திக்கொண்டு உலகத்தைத் தங்கள் தலைக்குள்ளேயே சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்." கூடம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் நீ குனிந்துகொண்டாய். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது சொன்னாய்.

"கைதட்டு ஜாஸ்திதான். ஆனா நீ சொன்ன ஆளை நான் எங்கயும் படிச்சதில்ல."

"ஒரு வேடிக்கைக்குச் சொன்னேன்."

"வேடிக்கைன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்கு?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன் பிறகும் சந்தித்தோம். பள்ளிக்கூடம், மழை, உன் முழங்கால் வலி எல்லாம் பேசினோம். தத்துவம் பேசவில்லை. பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது.

நோட்டில் உன் ஜெர்மானியர் இருப்பார்கள் என்று நினைத்து மூன்று நாளைக்கு முன்புதான் பிரித்தேன். நாற்பது பக்கமும் என் ஆங்கிலேயர். தமிழில், என் எண்பது பக்கத்தைவிடத் தெளிவாக, என்னைவிட வலுவாக அவர்கள் பக்கம் நின்று எழுதியிருக்கிறாய். தேதி அந்தக் கூட்டத்துக்குப் பிந்தையது. கடைசியில் ஒரு குறிப்பு: "அவளிடம் காட்டி, சரியா என்று கேட்கவேண்டும்." அடுத்த பக்கத்தில் 'பதில்' என்ற தலைப்பு மட்டும். அதன் கீழே ஒன்றுமில்லை.

சரிதான். ஒவ்வொரு வரியும் சரி. நீ இருக்கும்போது சொல்லியிருக்கவேண்டும்.

மூன்று நாளாக ஓரிடத்தில் உட்காரமுடியவில்லை. என் ஒன்றரைப் பக்கத்தை எதைப் படித்து எழுதினேன்? ஜெர்மானியரைப் பற்றி ஆங்கிலேயர் எழுதியதைப் படித்து. அந்தச் சமையல் வாக்கியமும் அப்படியே அச்சில் நிற்கிறது. இதைப் படிக்கும் பெண் ஒருத்தி, ஜெர்மானியர் என்றாலே சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவாள். அவளை அப்படி ஆக்கியது நானாக இருப்பேன்.

புத்தகத்தை நிறுத்திவைக்கச் சொல்லி அச்சுக்கூடத்துக்குக் கடிதம் எழுதி ஒட்டிவிட்டேன். இனி அவர்கள் போடுவார்களோ, மாட்டார்களோ. நாற்பத்தாறு வயதில் ஜெர்மன் எழுத்தை முதலிலிருந்து கற்கப் போகிறேன். சனிக்கிழமை ஆம்பூருக்குப் போய் உன் புத்தகங்களைக் கேட்கப் போகிறேன். கூடத்தில் என் அண்ணன், புத்தகம் அடுத்த மாதம் வந்துவிடும் என்று யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.