சடையனுக்காக இறக்கிய முடி

திருப்பதியிலிருந்து சித்தூர் திரும்பும் பேருந்தில் இருக்கிறேன். முன் இருக்கைப் பெண் மலையில் முடி கொடுத்துவிட்டு வருகிறாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் ஜன்னல் காற்றில் என் பக்கம் மணக்கிறது. புருஷன் ஏதோ கேலி செய்ய, அவள் முழங்கையால் இடிக்கிறாள். என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே திரும்பிக்கொண்டேன்.

உன் தலையும் அன்று இப்படித்தான் மணந்தது. ஊரில் எல்லோரும் பிள்ளைக்காகவோ நோய்க்காகவோ நேர்ந்துகொள்வார்கள். நீ டி.வி.யில் வந்த ஒரு மல்யுத்தக்காரனுக்காக நேர்ந்துகொண்டாய், மகராசி.

நம் தெருவுக்குக் கேபிள் வந்த புதுசு அது. மாம்பழக்கூழ் கம்பெனியிலிருந்து மஞ்சள் விரல்களோடு வந்து, நேராக டி.வி. முன்னால்தான் உட்காருவாய். நீளமுடிக்காரன் ஒருவனுக்கு ‘சடையன்’ என்று நீயே பெயர் வைத்தாய். அவன் நாட்டில் ஒரு பெரிய போட்டியைத் தனியாகக் காசு கட்டித்தான் பார்க்க வேண்டுமாம். நமக்குக் கேபிள்காரர் புண்ணியத்தில் ஞாயிறு பகலில் சும்மாவே வந்தது. அன்று சடையனைச் சண்டைமேடையில் நிறுத்திய ஏணி உச்சியிலிருந்து தள்ளினார்கள். கீழே இருந்த மேசை பிளந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். உன் தட்டில் சோறு அப்படியே காய்ந்தது.

“எல்லாம் முன்னாலயே பேசி வெச்சிக்கினு பண்றாங்கடி. துன்னு.”

“பேசி வெச்சா இன்னா மாமா? அம்மாம் ஒசரத்துலேர்ந்து உழுந்தா ஒடம்பு நோவாதா?”

நான் தட்டை உன் பக்கம் நகர்த்தினேன்.

சில மாதம் கழித்து இன்னொரு பெரிய போட்டியில், யாரும் எதிர்பார்க்காதபோது சடையன் நடந்து வந்தான். நீ கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். அப்போதுதான், அவன் எழுந்து வந்தால் முடி தருவதாக வைத்த நேர்த்திக்கடனைப் பற்றி என்னிடம் சொன்னாய். மலைக்குப் போனோம். முடி இறக்கும் நாவிதர் தெலுங்கில், யாருக்காக என்று கேட்டார். “மாவாடி கோசம்” என்றாய், எங்க ஆளுக்காகவாம்! அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, இப்போது உடம்பு பரவாயில்லையா என்று விசாரித்தார். நானும் தலையாட்டி வைத்தேன். மலையிறங்கும் பேருந்து முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாய். தெருவில் கால் வைத்ததும், பிள்ளை வரம் கேட்டாயா என்றார்கள். “ஆமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது ஜன்னலில் மலை தெரிந்தது. கேலி செய்த நானே நேர்ந்துகொண்டேன். இவளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பு, என் தலைமுடியைத் தருகிறேன் என்று. உன்னிடம் சொன்னபோது, “சீப்பே படாத முடி, அதப் போயி பெருமாளுக்குக் குடுக்கறியா மாமா?” என்றாய். நீ என்னைக் கடைசியாகக் கேலி செய்தது அப்போதுதான்.

நீ எழுந்திருக்கவில்லை. காரியத்தன்று மீசையை மட்டும் எடுக்கவிட்டேன். தலைமுடி மலைக்கு நேர்ந்தது, வேறெங்கும் வெட்டக்கூடாது. கேட்டது கிடைக்கவில்லையே, இனி எதற்குக் கொடுக்கவேண்டும் என்கிறார்கள் சிலர். சாமி சொத்தை வைத்துக்கொள்ளாதே என்கிறார்கள் சிலர். முடி தோளைத் தொட்டுவிட்டது. நம் வீட்டில் கூடிச் சண்டை பார்த்த பிள்ளைகள் ஸ்ரீ சிட்டிக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது ஆட்டம் வந்தால் நான் மட்டும் பார்க்கிறேன், பாயில் உன் இடத்தை விட்டு உட்கார்ந்து. வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. யார் இருக்கிறார்கள் பேச?

இன்று கொடுத்துவிடலாம் என்றுதான் திருப்பதி வரை வந்தேன். மலைக்குப் போகும் பேருந்து எதிரிலேயே நின்றது. ஏறக் கால் வரவில்லை.

தோள் தரையில் பட விழுந்து கிடப்பவனுக்கு நடுவர் தரையில் மூன்று முறை கையால் தட்டினால் ஆட்டம் முடிந்தது. இரண்டு தட்டியதுமே, முடிந்ததென்று நான் எழுந்துவிடுவேன். நீ என் வேட்டியைப் பிடித்து இழுப்பாய். “இரு மாமா, மூணாவது இன்னும் தட்டல.” சொல்லி வாய் மூடுவதற்குள் சடையன் தோளைத் தூக்கியிருப்பான்.

இந்த முடியை இறக்கினால் உனக்கு அந்த மூன்றாவது தட்டை நானே தட்டியதாகிவிடும். நான் தட்டமாட்டேன். வளரட்டும்.