இடப்பக்கம்

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

சரவணையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் காலமாகிப் பன்னிரண்டு நாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரங்கற்பாவாகக் கல்வெட்டுப் பாட வேண்டும். இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவர்களை வெண்பாவிலும் விருத்தத்திலும் வழியனுப்பியிருக்கிறேன். செத்தவர் எவரும் குறை சொன்னதில்லை. மூத்த மகன் மட்டும் ஒன்று கேட்டான்: “ஐயா, அந்த ‘இடப்பக்கம்’ பாட்டு மெட்டிலை எழுதேலுமோ? அப்பாவுக்கு அது உயிர்.”

எழுதிக் கொடுத்தேன். அன்னார் பைலா ஆட்டத் தாளத்தில் சிவபதம் அடைந்தார்.

அந்தப் பாட்டை எழுதியவனும் நான்தான். 1975. எனக்கு இருபத்துநாலு வயது. பாடியவன் பொப் அம்பலம். முழுப்பெயர் அம்பலவாணர், மாத்தறையில் சித்தப்பாவின் புடவைக்கடையில் வேலைக்கு நின்று, வியாபாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வந்தவன். நான் பொங்கஸ் மேளம் அடித்தேன்.

இடப்பக்கம் சாயுது தோணி – என்
இடுப்புப்பக்கம் சாயடி ராணி

வேலணைத் தேத்தண்ணிக்கடையில் பத்து நிமிடத்தில் எழுதியது. ஏன் இடப்பக்கம்? இடுப்புக்கு மோனை. வேறு காரணமில்லை. அந்த அடி வந்ததும் அம்பலம் மேடையில் இடப்பக்கம் சாய்வான், சனமும் சாயும். கலியாண வீட்டில் சாய்கிறார்கள், ஐஸ்கிறீம் வானுக்குப் பின்னால் சாய்கிறார்கள், கனடாவில் ஸ்காபரோவில் சாய்கிறார்கள். அம்பலம் போய் முப்பத்தாறு வருடம். சாய்வு போகவில்லை.

மே 11

பாட்டுக்குப் பொன்விழாவாம். துஷ்யந்தன் என்பவர் கனடாவிலிருந்து வந்திருக்கிறார், விழாக்குழுத் தலைவர். பாட்டு வெளிவந்தபோது பிறந்திருக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறார். ஜூலை 13 அன்று ஒரு படகில் எழுபது பேர் ஏறி, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கடலுக்குள் போய்ப் பாடப்போகிறார்கள்.

“பாட்டுப் பிறந்த இடத்திலையே பாடப்போறம், ஐயா.”

தேத்தண்ணிக்கடைக்குள் எழுபது பேர் கொள்ளாது என்று சொன்னேன். பெரிதாகச் சிரித்தார். மலருக்கு ‘பொப் அம்பலத்தின் செல்வாக்கு’ என்று ஒரு கட்டுரை கேட்டார்.

யோகம்மாவும் வந்திருந்தாள். பாட்டின் இரண்டாம் குரல் அவள். ரெக்கோட் உறையில் ‘பாடியவர்: பொப் அம்பலம் மற்றும் பெண் குரல்’ என்றிருக்கும். குழுவில் அவளுக்குக் கடைசிக் கதிரை. யாரோ என்னுடைய மனைவி என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். “பாத்தீரோ, இண்டைக்கும் நான் மற்றும்தான்” என்றாள்.

மே 25

படகுக்காரர் செல்வரத்தினம் வழியில் மறித்தார். நேற்றுக் குழுவிலிருந்து இருபது பேர் ஒத்திகைக்கு ஏறினார்களாம். அந்த அடி வந்தது. இருபது பேரும் சாய்ந்தார்கள்.

“பகிடியெண்டு நினைச்சன், ஐயா. தண்ணி விளிம்பாலை உள்ளை வந்திட்டுது.”

“எத்தினை பேரை ஏத்துவீர்?”

“நாப்பது. அவை எழுபது எண்டு நிக்கினம்.”

“ஏலாது எண்டு சொல்லும்.”

“சொன்னனான். அம்பலத்தின்ரை பாட்டுக்கு ஆடாத தோணியும் ஒரு தோணியோ எண்டு கேக்கினம்.”

சோளகக் காற்று எடுத்துவிட்டது. ஜூலையில் இன்னும் கடுக்கும்.

ஜூன் 3

கட்டுரை முடிந்தது. அம்பலத்தின் செல்வாக்கு நிறையால் அளக்கத்தக்கது என்று எழுதியிருக்கிறேன்: எழுபது பேர், ஆளுக்கு அறுபது கிலோ, நாலாயிரத்து இருநூறு கிலோ செல்வாக்கு ஒரே கணத்தில் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு கவிழும், ஆகவே போகவேண்டாம். இவ்வளவு தெளிவாக நான் எதையும் எழுதியதில்லை.

படகுகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போட்டேன்.

ஜூன் 15

மலரின் அச்சுப்படி வந்தது. என் கட்டுரை ‘சிரிக்க மட்டும்’ பகுதியில்.

நாற்பது வருடம் பத்திரிகையில் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பகிடி எழுதினால் இதுதான். வீடு எரிகிறது என்று கத்தினால் உவமை நல்லாயிருக்கு என்பார்கள்.

அலுவலகத்திலிருந்தும் ஒருவர் தொலைபேசி எடுத்தார். கடிதத்தை எல்லாரும் வாசித்துச் சிரித்தார்களாம். அவரும் குடும்பத்தோடு படகில் வருகிறாராம்.

ஜூன் 22

இன்று பொய் சொன்னேன்.

குழுக்கூட்டம். படகு சாயும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். விளங்கிவிட்டது: இவர்கள் கடலுக்குப் பயப்படமாட்டார்கள், காற்றுக்குப் பயப்படமாட்டார்கள், அம்பலத்துக்கு மட்டும் கட்டுப்படுவார்கள். எழுந்து சொன்னேன்: “அம்பலம் கடலிலை பாடேக்கை ஒருநாளும் சாய்ஞ்சதில்லை. அந்த அடிக்கு எழும்பாமல் இருந்துதான் பாடுவார். கடலம்மாவுக்கு மரியாதை.”

அம்பலம் கடலில் பாடியதே இல்லை. அவனுக்குக் கடல் என்றால் குலைநடுக்கம். குறிகட்டுவானில் நின்றபடியே நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவன்.

துஷ்யந்தனின் கண் கலங்கியது. “ஆர் இதைக் கண்டது, ஐயா?” “நானும் யோகம்மாவும். யோகம்மா அவருக்குப் பக்கத்திலை இருந்தவ.” எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, “ஓம்” என்றாள்.

ஆளை முன்வரிசைக்குக் கூட்டிப்போனார்கள். எழுபது பேரும் இருந்தே பாடுவதென்று தீர்மானம். இருந்தால் சாயமாட்டார்கள். ஒரு பொய், எழுபது உயிர். மலிவு.

வெளியே வரும்போது துஷ்யந்தன் கேட்டார்: “ஐயா, எந்தப் பக்கம் இருந்தவர்?”

“இடப்பக்கம்” என்றேன். வேறென்ன வரும் வாயில்?

ஜூன் 29

படகின் இடப்பக்கம் எனக்கு உனக்கு என்று அடிபடுகிறார்கள்.

செல்வரத்தினம் சொன்னார்: வலப்பக்கம் எவருக்கும் வேண்டாமாம். அவர் இருந்த பக்கத்தில்தான் இருப்போம் என்கிறார்களாம். வலப்பக்க வாங்கில்களைக் கழற்றி இடப்பக்கம் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். “கழட்டமாட்டன் எண்டிட்டன். அப்ப நெருக்கி இருப்பம் எண்டினம்.”

முன்பு ஓர் அடிக்கு மட்டும் சாய்ந்திருப்பார்கள். இப்போது பயணம் முழுக்கச் சாய்வார்கள். இருந்தபடி. மரியாதையாக.

வலப்பக்கமும் சிலவேளை இருந்தார் என்று சொன்னால்? பாட்டு நடுவில் எழுபது பேரும் எழும்பிப் பக்கம் மாறுவார்கள். வேண்டாம்.

ஜூலை 4

யோகம்மா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லச் சாட்சி அவள் ஒருத்திதான்.

“சொல்லும், யோகம். ரெண்டுபேருமாச் சொன்னால் நம்புவினம்.”

“என்னெண்டு? அவர் கடலுக்குப் பயந்தவர், நான் அவருக்குப் பக்கத்திலை இருக்கேல்லை எண்டோ?”

“படகு கவிழும்.”

“நீர் எழுதின வரியிலை ஐம்பது வருசமாக் கவிழாத தோணி.” பிறகு மெதுவாக: “என்ரை பேரை மலரிலை போட்டிருக்கினம். படத்தோடை. அவருக்குப் பக்கத்திலை இருந்தவ எண்டு. பொய் எண்டு எனக்குத் தெரியாதே? ஆனால் இந்தப் பொய்யிலைதான் எனக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. விடும்.”

“நீர் போகாதையும். மற்றவை என்னவும் செய்யட்டும்.”

“முதல் கதிரை எனக்கு. நான் போகாமல் ஆர் போறது?”

புதுச் சீலை எடுத்து வைத்திருக்கிறாள். கடல்நீலம். காட்டினாள். நல்லாயிருக்கு என்றேன். அதைச் சொன்னதும் இதே வாய்தான்.

ஜூலை 6

கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். அம்பலம் படகில் ஏறியதே இல்லை, ஜூன் 22 அன்று நான் சொன்னது பொய், இடப்பக்கம் என்பது மோனைக்காக எழுதியது.

கைதட்டினார்கள். மோனைக்குத்தான் பலத்த கைதட்டு. துஷ்யந்தன் கட்டிப்பிடித்தார்: “ஐயா, இதைப் படகிலையும் ஒருக்காச் சொல்லவேணும்.”

யோகம்மா மட்டும் சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 12

இரவெல்லாம் காற்று. பனையோலை விழுந்தபடி.

ஜூலை 13, காலை

போகிறேன். வலப்பக்கம் இருப்பேன். என் நிறை ஐம்பத்திரண்டு கிலோ.

ஜூலை 15

ஆசுப்பத்திரியில் எழுதுகிறேன்.

வலப்பக்கத்தில் நானும், தண்ணிப் போத்தல் பெட்டிகளும், கடல் ஒத்துவராத ஒரு பெடிச்சியும். அவ்வளவுதான். செல்வரத்தினம் கத்தினார் – இஞ்சாலை வாருங்கோ, இஞ்சாலை – ஒருத்தரும் அசையேல்லை. எல்லாரும் இருந்தபடி. நான் சொன்னபடி. மரியாதையாக. அந்த அடிக்கு முந்தின அடியில் காற்று ஒன்று அடித்தது. அடி வரவே இல்லை.

யோகம் முன்னால் இருந்தாள். முதல் கதிரை. திரும்பி என்னைப் பார்த்து – என்ன சொன்னாள்? வாய் அசைந்தது. பாடினாளா, கூப்பிட்டாளா? எனக்குக் கேட்கேல்லை. கேட்கேல்லை.

கரை கிட்ட. வள்ளங்கள் வந்தன.

ஜூலை 16

பத்திரிகை வந்தது. கவிழ்ந்த படகிலிருந்து அனைவரும் மீட்கப்பட்டனராம். துஷ்யந்தனின் படம், பேட்டி. மீட்கப்பட்டவர்களில் பாடலாசிரியரும் ஒருவர். கடைசிப் பந்தியின் கடைசி வரி:

‘மற்றும் வயோதிபப் பெண்ணொருவர் உயிரிழந்துள்ளார்.’

ஜூலை 24

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். உட்காரும் பக்கம் பற்றி நான் பொய் சொன்னதுதான் காரணம் என்று வாக்குமூலம் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு, “ஐயா, உங்கடை கட்டுரையை மலரிலை வாசிச்சனான்” என்றார். வாயைப் பொத்திக்கொண்டார், பாவம். சாவுச் சம்பவம் அல்லவா.

ஓகஸ்ட் 4

யோகம்மாவின் பெறாமகள் கோசலா வந்தாள். முப்பத்தோராம் நாள் பன்னிரண்டாம் திகதி. மலருக்குக் கல்வெட்டு வேண்டும். அந்த மெட்டில்.

“வேறை மெட்டிலை எழுதுவம், பிள்ளை.”

“இல்லை, ஐயா. அன்ரி அதைத்தான் விரும்புவா.” பிறகு: “அவருக்குப் பக்கத்திலை இருந்து பாடினவ எண்டதையும் போடவேணும். நீங்கள்தானே கண்டனீங்கள்.”

கையில் பொன்விழா மலர். யோகம்மாவின் படமுள்ள பக்கத்தில் விரலை வைத்திருந்தாள். கீழே முழுப்பெயர். ‘மற்றும்’ இல்லை.

கண்டனான் என்றேன்.

அவள் போனபின் கதவைச் சாத்திவிட்டு எழுதினேன். அரை மணித்தியாலம் எடுத்தது. வயது போய்விட்டது.

இடப்பக்கம் அமர்ந்தவள் யோகம் – அவள்
இடம்நீங்க நெஞ்செல்லாம் சோகம்

மோனை பொருந்தியிருக்கிறது.