கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு

இன்று காலை என் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. கடையிலிருந்து ஆளை வரச் சொல்கிறேன் என்றான் மகன். "நானே பாத்துக்கறேன், நீ ஆபீஸ் கிளம்பு" என்று அவனைத் துரத்திவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்குமாக ஒரு வாசனை முகத்தில் அடித்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் சாவுக்கு வந்தபோது எனக்கு அழுகையே வரவில்லை. இந்தத் தூசிக்குப் போய் வருகிறது என்றால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இப்போதைய பிளக்குகளைத் தப்பாகச் சொருக நினைத்தாலும் முடியாது. ஒரு பக்கமாகத்தான் உள்ளே போகும். நாம் இருவரும் நம் முதல் கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டிய எண்பதுகளின் கடைசியில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. கரண்ட் பெட்டியிலிருந்து இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பிளக்குகள் வரும். இரண்டிலும் ஓர் ஓரத்தில் கறுப்புக் கம்பிகள். மதர்போர்டில் சொருகும்போது அந்தக் கறுப்புகள் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். இடம் மாறினால் ஸ்விட்ச் போட்டதுமே போர்டு கருகிவிடும்.

அந்தப் போர்டை நம்பித்தான் உன் அறை இருந்தது. நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிசிக்ஸ் படித்தவர்கள். நான் புத்தூரில் டீச்சரானேன். நீ ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டுக்கு மருமகளாகி, டிகிரியை பீரோவில் வைத்துப் பூட்டினாய். பிறகு ஒரு நாள், வாசல் பக்கத்து அறையில் பெண் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தப்போகிறேன் என்று கிளம்பினாய். உன் அண்ணா சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது புடவைகளுக்கு நடுவில் போர்டைச் சுற்றி எடுத்துவந்தார். மற்றதெல்லாம் மெட்ராஸில் வாங்கினோம். ஆனால் அதே அறையில் வீடியோ கேசட் கடை போட உன் கொழுந்தனும் கண் வைத்திருந்தான். உன் வீட்டுக்காரர் வழக்கம்போல, அப்பா சொல்வதுதான் என்று நழுவிக்கொண்டார். மாமனார்தான் தீர்ப்புச் சொன்னார்: "விஜயதசமி அன்னிக்கு அது ஓடித்துன்னா ரூம் உனக்கு. இல்லேன்னா சின்னவன் கடை வெச்சுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து, முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி வருவேன். நீ சொருகுவாய், நான் சரிபார்ப்பேன். சொருகியவரே சரிபார்க்கக் கூடாது என்பது உன் சட்டம். "போட்டவா கண்ணுக்குத் தன் தப்பு தெரியாதுடி பிலோ" என்பாய். நான் ஒவ்வொரு நிறமாகச் சொல்ல, நீ அந்தக் கம்பியை மெல்ல இழுத்துப் பார்த்து, "இருக்கு" என்பாய். கடைசியில் இருவருமாகச் சேர்ந்து, "கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு!" கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மாமனார், "என்னது, ரெண்டு கோஷ்டியா பாசுரம் சேவிக்கறேளா?" என்று கேட்பார். நவராத்திரிக்குள் பெட்டி ஓடியது. திரையில் பச்சை எழுத்துகள் வந்ததும் நீ என் கன்னத்தைக் கிள்ளியது இன்றும் வலிக்கிறது.

விஜயதசமி காலையில் நான் வந்தபோது அறையில் கோலம் போட்டிருந்தது. வகுப்பில் சேர வந்த பெண்கள் தங்கள் அப்பாக்களோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் நாற்காலியில். கொழுந்தன் கதவில் சாய்ந்துகொண்டு, அலமாரி எங்கே போடலாம் என்று சுவரைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தான். உள் வாசற்படியில் உன் மாமியார், புதுப் புடவையில். அந்த அம்மாள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

நீ பிளக்குகளைச் சொருகினாய். நான் நிறங்களைச் சொன்னேன். எல்லாம் இருந்தது. ஸ்விட்சைப் போட்டாய். பெட்டிக்குள் இருந்த விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

போர்டு போய்விட்டது என்றே நினைத்தேன். கறுப்புகளை மறுபடி பார்த்தேன்; சரியாகத்தான் இருந்தன. ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டாய். அதே அரைச் சுற்று.

"மன்னி, விசிறி வேணும்னா சொல்லுங்கோ, கடையில வாங்கிண்டு வரேன்" என்றான் கொழுந்தன். ஓர் அப்பா சிரித்தார். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நீ கரண்டை முழுக்க எடுத்துவிட்டு ஒரு பிளக்கை வெளியே இழுத்தாய். சந்தனம் மணந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரஸ்வதி பூஜையன்று எல்லாக் கருவிக்கும் ஓய்வு உண்டே, இதற்கும் இருக்கட்டும் என்று நீ பிளக்குகளைக் கழற்றிக் கரண்ட் பெட்டியோடு தாம்பாளத்தில் வைத்திருக்கிறாய், கத்தரிக்கோலுக்கும் அரிவாள்மணைக்கும் பக்கத்தில். மாமியார் எல்லாவற்றுக்கும் போலவே அவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறார். முகம் எது என்று தேடி, அந்தத் துளைகள்தான் முகம் என்று முடிவு செய்து, அதிலேயே அழுத்தி வைத்திருக்கிறார். உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டு கரண்டைப் போக விடவில்லை. வெளியே வழிந்ததைத் துடைத்த நீ உள்ளே பார்க்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்த நானும் பார்க்கவில்லை.

என் வாய் உனக்குத் தெரியும். "யாரு இதுல..." என்று ஆரம்பித்தேன். நீ என் முழங்கையை அழுத்தினாய்.

"நான்தான் சரியா சொருகலைப்பா. லூஸா இருக்கு. அஞ்சு நிமிஷம் குடுங்கோ" என்றாய் மாமனாரிடம்.

தாலிச் சங்கிலியில் கோர்த்திருந்த சேஃப்டி பின்னைக் கழற்றி, ஒவ்வொரு துளையாகச் சுரண்டினாய். மடியில் விரித்த வெள்ளைத் துணியில் மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். வாசற்படியில் நின்ற உன் மாமியார் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

மறுபடி நிறங்களைச் சொன்னேன். நீ ஸ்விட்சைப் போட்டாய். விசிறி சுற்றியது, நிற்கவில்லை. பச்சை எழுத்துகள் வந்தன. பாயிலிருந்த பெண்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். "சரி, ரூம் உனக்கு" என்று எழுந்து போனார் மாமனார், சொன்ன சொல் மாறாத மனிதர். மாமியார் உள்ளே வந்து, உன் மடியிலிருந்த துணியை எடுத்துச் சின்னதாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு காபி போடப் போனார்.

பஸ் ஸ்டாப்புக்கு என்னோடு நடந்து வந்தாய். எனக்கு ஆறவே இல்லை. "எதுக்குடி உன் தப்புன்னு சொன்ன? அந்தக் கொழுந்தன் எப்படிப் பேசினான் பாத்தியா? கெடுத்தது உன் மாமியார்தானே!"

"கழட்டித் தட்டுல வெச்சது நான்தானே? அவா கையில சந்தனம் இருந்தது, பக்தியா வெச்சா" என்றாய். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாய்: "ரூம் கெடைச்சுடுத்துடி. ஆனா அந்த ரூமுக்கு நான் தெனமும் அவாளைத் தாண்டித்தானே போகணும்? அவா தலையைக் குனிய வெச்சுட்டுப் போகச் சொல்றியா?"

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். அன்று முழுக்க உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். அடுத்த வருஷம் பூஜைக்கு வந்தபோது, உன் மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்து, "பொட்டி மேல வெச்சா பாதகமில்லையே?" என்று ரகசியமாகக் கேட்டார். வகுப்பு நேரத்தில் வீட்டில் யாரும் சத்தம் போடாமல் காவல் காத்ததும், உன்னை அடுக்களைக்குக் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான் என்று நீ சொல்லித்தான் தெரியும். எத்தனை பெண்கள் அந்த அறையில் படித்து வேலைக்குப் போனார்கள்!

எனக்கு முன்கோபம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது நானே மாமியார், அதுவும் வாய் நீண்ட மாமியார். பால் பொங்கி வழிந்தாலும் கண்ணாடி டம்ளர் உடைந்தாலும், "யாரு?" என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் என் முழங்கையில் உன் விரல்கள் அழுத்துகின்றன. நான் கேள்வியை விழுங்கிவிட்டுத் துடைக்கத் துணி தேடுகிறேன். என் மருமகள் என்னை ரொம்பப் பொறுமைசாலி என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாளாம். அது நானில்லை, நீ என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?