தகப்பனார் பெயர் என்ற கட்டம்

2009 மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். காலை பத்துக்கே மாடி அறையில் உட்கார முடியவில்லை. மின்வெட்டு 12 முதல் 2. யு.பி.எஸ். பாதியில் கைவிட்டது.

இன்றைய வேலை: விலைப்பட்டியல் பக்கத்தைத் திருத்துவது. கல்யாண மண்டபங்களுக்கான என் பதிவு சாஃப்ட்வேர், இனி மூன்று பதிப்பு.

இலவசம்: ஒரு மண்டபம். தேதி, மணப்பெண், மணமகன், தொலைபேசி. தீர்ந்தது.
சாதா: மேற்படி + இரு வீட்டுத் தகப்பனார் பெயர், ஊர், வரவேற்புப் பலகை வாசகம், ரசீது அச்சு. மாத வாடகை.
முழு: எத்தனை மண்டபமானாலும். சமையல் சாமான் பட்டியல், எஸ்.எம்.எஸ். இரட்டை வாடகை.

'சாதா' சரியில்லை. காசு கொடுப்பவனைச் சாதா என்றால் கொடுப்பானா? 'சிறப்பு' என்று மாற்றினேன். மலைமேல் முருகன் கோயிலில் பொது தரிசனம், சிறப்பு தரிசனம் பார்த்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பள்ளிப்பட்டு மண்டப முதலாளி போன். இலவசமே போதுமாம், தகப்பனார் பெயர் மட்டும் வேண்டுமாம். "பொண்ணோட நைனா பேரு இல்லாம பலகை வெச்சா பந்தியில எவன் சார் உக்காருவான்? அது ஒண்ணை மட்டும் தொறந்து வுடுங்க." மாட்டேன் என்றேன். பணம் கட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் கட்டுகிறார்கள். எதை இலவசத்தில் வைக்கக் கூடாது என்று தெரிவதுதான் இந்தத் தொழில்.

சென்னை ஆபீசில் இதையே சொன்னேன், எட்டு வருடம் முன்பு. சாஃப்ட்வேரை விற்க வேண்டாம், இணையத்தில் வைத்து வாடகைக்கு விடுவோம், ஆளுக்குத் தக்க அடுக்கு என்று. மேலாளர் சிரித்தார்; அவர் சிரித்ததால் மற்றவர்களும். இப்போது அதே ஆள் பத்திரிகையில் பேட்டி கொடுக்கிறார். இதற்குப் பெயர் இப்போது 'கிளவுட்', மேகமாம். மறக்க மாட்டேன்.

மே 6, புதன்

சிலிண்டர் வரவில்லை. மூன்றாவது நாளாக மெஸ் சாப்பாடு. ரசம் மட்டும் தேவலை.

வைகாசிப் பதிவுகளைச் சரிபார்த்தேன். கே.ஜி.கண்டிகை சாலை மண்டபம், இலவசப் பதிப்பு. ஜூன் 7, ஞாயிறு. மணப்பெண்: தீபிகா. மணமகன்: பி. அருண். தொலைபேசி: ஓர் அரக்கோணம் எண்.

அந்த எண் எனக்கு இருபத்தைந்து வருடமாக மனப்பாடம். மைத்துனன் கஜேந்திரன் வீடு.

என் பெண்.

அப்புறம் ஒன்றும் ஓடவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன், துடைத்தேன், போட்டேன். எண் மாறவில்லை.

இந்த ஊரில், நான் இருக்கிற ஊரில் வைத்திருக்கிறார்கள். காரணம் தெரியும். தீபிகாவுக்கு மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது என் மனைவி வசந்தா வேண்டிக்கொண்டது: பிழைத்தால் உன் மலையில்தான் கல்யாணம் என்று. நானும் பக்கத்தில்தான் நின்றேன். முருகனிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வருகிறாள். என்னிடம் சொல்ல வேண்டியது இல்லை போலிருக்கிறது.

இன்னொன்று. அதே மண்டபத்தில் மற்றப் பெண்களுக்கெல்லாம் இன்ஷியல் இருக்கிறது. எஸ். மகேஸ்வரி, கே. பிரியா. இவளுக்கு மட்டும் இல்லை. மேனேஜரின் சோம்பேறித்தனமா, அவர்கள் சொல்லவில்லையா?

மே 7, வியாழன்

பல்வலி. கிராம்பு.

ஆறு வருடக் கதை, சுருக்கமாக. தீபிகாவுக்கு இன்ஜினீயரிங் கல்லூரியில் இடம் வாங்கியது மைத்துனன் க. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்று அவனே கையெழுத்து. எனக்கு அப்போது வேலை இல்லை, ஆனால் கை இருந்தது, கையெழுத்து இருந்தது. அவனுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை. கடைசி வரி: 'தகப்பன் என்ற இடத்தையும் தாங்களே வைத்துக்கொள்ளவும்.' எழுதி முடித்ததும் நல்ல வரி என்று தோன்றியது.

வ. அந்த வாரமே பெண்ணுடன் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

தப்புப் பட்டியல்:
க.: கேட்காமல் கையெழுத்து.
வ.: கடிதத்தைப் பெண்ணிடம் கொடுத்தது.
நான்: எழுதியது.

அரக்கோணம் ரயிலில் இருபது நிமிடம். ஆறு வருடம்.

மே 8, வெள்ளி

செய்யக் கூடாததைச் செய்தேன். கண்டிகை மண்டபத்தைச் 'சிறப்பு'க்கு உயர்த்தினேன். அறிமுகச் சலுகை, மூன்று மாதம் வாடகை இல்லை என்று எழுதிவைத்தேன். இப்போது எல்லாப் பதிவிலும் தகப்பனார் கட்டம் திறந்திருக்கும், சிவப்பு நட்சத்திரத்துடன். அதை நிரப்பாமல் சேவ் ஆகாது, அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

மேனேஜர் லோகுவுக்குப் போன் செய்து சொன்னேன். என்னை அவனுக்கு சாஃப்ட்வேர்காரனாக மட்டும் தெரியும். சும்மாவே குடுக்கிறீங்களே, இன்னா சார் விசேஷம் என்றான். விசேஷம் ஒன்றுமில்லை என்றேன். ஒவ்வொரு பார்ட்டிக்கும் போன் செய்து கேட்டுப் போட்டுவிடுவானாம்.

மே 10, ஞாயிறு

லோகு வேலைக்காரன்தான். எட்டுப் பதிவில் ஆறு நிரம்பிவிட்டது. மகேஸ்வரியின் தகப்பனார் திருவாலங்காடு. பிரியாவின் தகப்பனார் 'காலஞ்சென்ற'.

ஜூன் 7 காலி.

எனக்கும் 'காலஞ்சென்ற' போட்டுவிடுவார்களோ? யோசித்துப் பார்த்தேன். போட்டாலும் அடுத்து வருவது என் பெயர்தானே.

பெட்டியிலிருந்து ஜரிகைக் கரை வேட்டியை எடுத்தேன். மடிப்பெல்லாம் மஞ்சள். சலவைக்குக் கொடுத்தேன். செவ்வாய் தருவதாகச் சொன்னான்.

மே 11, திங்கள்

காலி. பதினோரு முறை பார்த்தேன்.

சிலிண்டர் வந்தது.

மே 12, செவ்வாய்

லேசாக மேகம். மழை இல்லை.

மூன்றரைக்கு லோகு.

"சார், பழையபடி இலவசத்துக்கே மாத்திக் குடுத்துடுங்க."

ஏன் என்றேன்.

"அரக்கோணம் பார்ட்டி ஒண்ணு சார். மத்ததெல்லாம் போட்டுட்டேன். இதுக்கு அப்பா பேரு கேட்டேன், நல்லா பேசிகினு இருந்த பொண்ணோட அம்மா கம்முனு ஆயிடுச்சி. அப்புறம் அழுவுற சத்தம். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்சி. பேர் இல்லாம இது சேவும் ஆவ மாட்டேங்குது."

அவனே தொடர்ந்தான்.

"அப்பால கல்யாணப் பொண்ணே போனை வாங்கிச்சி. கோவம்லாம் இல்ல, நல்லாதான் பேசிச்சி. அப்பா பேர் கேக்காத ஃபாரம் இருக்குமே, அதுல போட்டுக்குங்கண்ணான்னு."

மாமா பேரைப் போடச் சொன்னார்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆங், நானே கேட்டேன் சார். மாமா பேரு போட்டுக்கட்டுமான்னு. வேணாம்னுடுச்சி. அந்த எடத்துல வேற யார் பேரையும் போடாதீங்கண்ணான்னு சொல்லிச்சி. சார்? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

நட்சத்திரத்தை மட்டும் எடுத்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. ஆனால் அப்போது ரசீதில் 'தகப்பனார்' என்று அச்சாகி எதிரே வெறும் கோடு வரும். அவள் அதை வாங்கிப் பார்ப்பாள்.

4.10. இலவசத்துக்கு இறக்கினேன். கட்டம் போய்விட்டது. லோகுவிடம் இப்போது போட்டுப் பார் என்றேன். அவன் தட்டுகிற சத்தம் போனில் கேட்டது.

"ஆயிடுச்சி சார்" என்றான்.