புதுச்சாமையின் முதல் இலை

ஐப்பசி 19, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். மேல்காடு தெரியவில்லை, அவ்வளவு பனி.

கா: மோர், கோழிமுட்டை இரண்டு. ம: அவரைப் பிஞ்சு, நண்டுச் சாறு, சாமைச் சோறு ஒரு கைப்பிடி. சா: முருங்கைக்கீரை, நெய் ஊற்றி.

என்ன தின்றேன் என்று தினமும் எழுதி வரச் சொன்னவர் அடிவாரத்து ஆஸ்பத்திரி டாக்டர். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் பொன்னி எழுதுகிறாள். சின்ன வயசில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவள். என் பேச்சை அப்படியே எழுத மாட்டேன் என்கிறாள், பள்ளிக்கூடத்துத் தமிழாக்கித்தான் எழுதுவாள். போகட்டும். தின்றதை மட்டும் தனித்தாளில் எழுதி டாக்டருக்குக் கொடுத்துவிடுவது. மற்றதெல்லாம் எனக்கு.

வியாதி நீரிழிவு. சிறுநீரில் சர்க்கரை போகிறதாம். ஆடியில் வலது பெருவிரலில் ஏறிய மூங்கில் சிராய், இன்னும் ஆறவில்லை. ஓரம் கறுப்பு. இதற்கு ஊசி மருந்து இருக்கிறதாம், சண்டையினால் கப்பலில் வருவது நின்றுவிட்டதாம். அதனால் வாயைக் கட்டுவதுதான் மருந்து. தானியம் மத்தியானம் ஒரு கைப்பிடி, அதற்கு மேல் கூடாது. தேன், வெல்லம், பழம், கிழங்கு கூடவே கூடாது. கறி, முட்டை, கீரை, நெய் வேண்டுமட்டும்.

கார்த்திகைக் கடைசி வரை பார்ப்பாராம். சர்க்கரை இறங்கிப் புண் காய ஆரம்பித்தால் சரி. இல்லாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டும். வேலியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைச் சொல்வது போலச் சொன்னார்.

ஐப்பசி 21, ஞாயிறு

வெயில். கதிருக்குக் கிளி இறங்கிவிட்டது. நாள் முழுக்கப் பரணில் உட்கார்ந்து விரட்டல். கால் இப்படி இருக்கும்போது எனக்கு ஆகிற வேலை இது ஒன்றுதான்.

வயிறு நிறைகிறது, ஆனால் சாப்பிட்டாற்போல இல்லை. களியை உருட்டினால் கைக்கு ஒரு கனம் தெரியும். முட்டைக்கு என்ன கனம்? பெண்டாட்டி குப்பாயி இன்று கோழி அடித்தாள். இறக்கையைப் பிய்த்துக்கொண்டே, மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைகூட இப்படித் தின்றதில்லை என்றாள். சிரிக்காமல் சொன்னாள். முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழி அது.

பாறை மேல் நீர் போனால் எறும்பு வருகிறது. வரிசை கட்டி வருகிறது. இதை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன், எங்கே என்று நாளெல்லாம் யோசனை. சாயங்காலம் ஞாபகம் வந்தது. அப்பனின் கடைசி வருஷம். படுக்கைப் பக்கத்தில் தண்ணிப்பானை, குடித்துக்கொண்டே இருப்பார். கொல்லையில் எறும்பு. காலில் புண். வனதேவதையின் பாதையை மிதித்துவிட்டார் என்று கிடா வெட்டினோம். இப்போது தெரிகிறது.

ஐப்பசி 23, செவ்வாய்

கா: முட்டை. ம: பண்ணைக்கீரை, காளான், சோறு ஒரு பிடி. சா: மறுபடி கீரை.

கீரையைப் பார்த்தாலே மனசு சுருங்குகிறது. பஞ்சத்து வருஷம் எனக்குப் பத்து வயசுகூட இருக்காது. குதிரில் தானியம் இல்லை. அம்மா விடியலில் போய்க் கீரையும் காட்டு இலையும் பறித்து வருவாள், உப்பும் இருக்காது. எந்த இலை கசக்கும், எது வயிற்றைப் பிடுங்கும், எல்லாம் இன்னும் நாக்கில் இருக்கிறது. மழை பெய்து மறு வருஷம் முதல் களி கிண்டியபோது பானை ஓரத்தை விரலால் வழித்துத் தின்றேன், விரல் வெந்தது. இனி ஆயுசுக்கும் தானியம் இல்லாமல் உட்காரக் கூடாது என்று அப்போது நினைத்தேன்.

இப்போது குதிர் நிறையச் சாமை, கேழ்வரகு, தினை. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து இலை தின்கிறேன்.

ஐப்பசி 28, ஞாயிறு

நேற்று டோலியில் இறங்கினேன், மகன் மாரியும் பங்காளி ஒருவனும் தூக்கி. முட்டி வலி அவர்களுக்கு, வெட்கம் எனக்கு.

டாக்டர் கண்ணாடிக் குழலில் நீலத் தண்ணி ஊற்றி, என் நீரைச் சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, பரவாயில்லை. மஞ்சள், கெட்டது. என்னுடையது மஞ்சளையும் தாண்டிச் செங்கல் நிறத்தில் போய் நின்றது. போன தடவையும் இதே நிறம்.

பொன்னி எழுதிய தாளைப் படித்தார். குழலைப் பார்த்தார். "பெரியவரே, தாள்ல இருக்கறது ஒண்ணு, வயித்துக்குள்ள போனது ஒண்ணு."

என்னை இதுவரை ஒருத்தரும் பொய்யன் என்று சொன்னதில்லை. எழுந்து டோலியில் ஏறிக்கொண்டேன். மலை ஏறி முடிந்ததும் மாரி டோலியை இறக்கிவைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டான். அவனும் சந்தேகப்படுகிறானோ என்னவோ.

கார்த்திகை 2, வியாழன்

இன்று மத்தியானச் சோற்றைப் பொன்னியே பரணுக்குக் கொண்டுவந்தாள். கீழே கல் மூட்டி நான் நெருப்புப் போடுகிற இடத்தில் நின்றுவிட்டாள். சாம்பலைக் குச்சியால் கிளறினாள்.

"மாமா, இதென்னங்க தோலு?"

"சக்கரவள்ளிக் கெழங்கு."

"யாரு தின்னதுங்க?"

"நாந்தான். காலையில ஒண்ணு ரெண்டு சுட்டுக்குவேன். பொழுது சாய ஒண்ணு. மரத்துல பழுத்திருந்தா வாழப்பழம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"சாப்பாடு என்னன்னுதானம்மா கேட்டே? காட்டுல வாயில போட்டுக்கறது சாப்பாடா?"

உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் காலைப் பார்த்தாள்.

உண்மையில் எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் இலை போட்டு வைப்பதுதான் சாப்பாடு. காட்டில் நடந்துகொண்டே தின்பதை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை, என் அப்பனும் இல்லை, அவன் அப்பனும் இல்லை. கிழங்கு தின்றுவிட்டு வந்து "இன்னும் சாப்பிடலை" என்றுதான் இந்த மலையில் எல்லோரும் சொல்வோம். டாக்டர் சொன்னது சரி. மனசுக்குள் அவரைத் திட்டியதெல்லாம் வீண்.

இனி வாயில் போவதெல்லாம் பொன்னியிடம் சொல்வது. புளியங்காயாக இருந்தாலும்.

கார்த்திகை 6, திங்கள்

நல்ல வெயில். சாமைக் கதிர் பழுத்துவிட்டது. கிழங்கு இல்லாத பரண். எவ்வளவு நீளமான பகல்.

எறும்பு குறைவு. குப்பாயி நம்பவில்லை, வெயிலுக்குப் போயிருக்கும் என்கிறாள்.

வேறு ஒரு கவலை. பங்காளி வீடு ஏழு. ஏழுக்கும் மூத்தவன் நான். எந்த வீட்டில் அறுத்தாலும் புதுச்சாமையை மூத்தவன் முதல் இலையில் தின்ற பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். என் வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு வீடாக அவரவர் அறுப்புக்குத் தகுந்தபடி, கார்த்திகை முழுக்க. இலை நிறையச் சோறு, மேலே தேன், பிசைந்த மலைவாழைப்பழம். ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. மிச்சம் வைத்தால் காடும் மிச்சம் வைக்கும்.

ஏழு வீடு, ஏழு இலை. டாக்டரிடம் போகும் நாள் அதற்குப் பிறகு.

நான் தின்னாவிட்டால் வயசில் அடுத்தவன் தின்னலாம், அதாவது தம்பி சடையன். ஆனால் தின்றவன்தான் மூத்தவன். எந்தக் காட்டைத் தரிசு விடுவது, எப்போது விதைப்பது, யார் வரப்பு யாருடையது, எல்லாம் அவன் சொல். ஒரு தடவை கொடுத்தால் திரும்பி வாங்க முடியாது. உயிரோடு இருக்கும்போது கொடுத்தவன் என்று எனக்குத் தெரிந்து ஒருத்தனும் இல்லை.

கார்த்திகை 8, புதன்

வீட்டில் பேச்சு. குப்பாயிக்குக் கோபம், அடுப்பை ஊதுகிற ஊதலிலேயே தெரிந்தது. வருஷம் முழுக்க வாயைக் கட்டுங்கள், இதற்கு மட்டும் தின்னுங்கள் என்கிறாள். பொன்னி மெதுவாக, ஏழு இலை ஆயிற்றே அத்தை என்றாள்.

கடைசியில் குப்பாயி என்னைப் பார்த்து, "நீங்க எலைய வுட்டுப்போட்டா அப்பறம் நான் ஆருங்க?" என்றாள்.

ஏழு வீட்டுக் கல்யாணத்திலும் முதல் மஞ்சள் அவள்தான் அரைக்கிறாள்.

சடையன் இதெல்லாம் கேள்விப்பட்டு, சோளக்காட்டுச் சந்தையில் நாலு பேர் நடுவில், எங்க அண்ணன் இந்த வருசம் கோழிக்குத்தான் மூத்தவன் என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். சின்ன வயசிலிருந்தே அவன் வாய் அப்படி.

கார்த்திகை 9, வியாழன்

அப்பனை நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கடைசி வருஷமும் முதல் இலை அவருக்குத்தான். நானும் சடையனும் இரண்டு பக்கமும் பிடித்து உட்காரவைத்தோம். காலில் துணி சுற்றி, வாடை தெரியாமலிருக்க வேப்பிலை. ஒரு பருக்கை விடாமல் தின்றார். பெண்கள் குலவை போட்டார்கள். எங்களுக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம். ஏழு வீட்டிலும் தின்றார். தைக்குள் போய்விட்டார்.

அந்த இலையினால்தான் போனார் என்று சொல்ல மாட்டேன். புண் முன்னாலேயே முற்றியிருந்தது. ஆனால் அன்றைக்கு எங்களில் ஒருத்தர் தெரிந்து தடுத்திருந்தால் அவர் இலையை விட்டிருப்பாரா? விட்டிருக்க மாட்டார். எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.

என்னையும் தெரியும். அதுதான் பயம்.

கார்த்திகை 12, ஞாயிறு

எங்கள் வீட்டுப் புதுச்சாமை. காலையில் அறுத்து, மத்தியானத்துக்குள் குத்திப் புடைத்து, பொன்னிதான் உலையில் போட்டாள். அந்த வாசனையை எழுதச் சொன்னேன். எழுதத் தெரியவில்லை என்கிறாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஏழு வீட்டு ஆட்களும் வந்தார்கள். இலை போட்டாயிற்று. சோறு, தேன், பழம். ஆவி வந்தது. கை கழுவி உட்கார்ந்தேன். வாயில் எச்சில் ஊறியது, சொன்னால் வெட்கம். கையைக்கூட இலை வரை கொண்டுபோய்விட்டேன்.

பிறகு இலையின் நுனியைப் பிடித்துச் சடையன் பக்கம் திருப்பினேன்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் முகம் மாறியது.

"வேண்டாண்ணா. சந்தையில ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன். அதுக்காகவா?"

"அதுக்கில்ல. தின்னு. சோறு ஆறுது."

"நீ இருக்கறப்ப நான் எப்படி?"

"நான் இருக்கோணும்னுதான் உன்னத் திங்கச் சொல்றேன்."

சடையன் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அப்புறம் தின்றான். அவன் எதையும் வாரி வாரித் தின்கிறவன், இன்றைக்கு ஒவ்வொரு பிடியாக மென்று தின்றான். ஒரு பருக்கை மிச்சமில்லை. குலவை போடப் பெண்கள் குப்பாயியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சடையன் பெண்டாட்டி தொடங்கினாள்.

எனக்கு: முட்டை இரண்டு, அவரைப் பிஞ்சு. சோறு ஒரு பிடி, பழைய சாமை. புதுசை இன்று தொடவில்லை.

கார்த்திகை 13, திங்கள்

விடிந்ததும் மாரியிடம் வந்து யாரோ வழக்குச் சொன்னார்கள், வரப்பு விஷயம். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "சடையன்கிட்டப் போங்க" என்றான் மாரி. சரிதான். சரியாக இருந்தும் நெஞ்சில் குத்தியது.

குப்பாயி பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், முகம் திருப்பிக்கொண்டு.

கார்த்திகை 15, புதன்

இரண்டாம் வீட்டுப் புதுச்சாமை, சடையன் வீட்டில். தின்றதும் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றான். மூத்தவனாகித் தன்னுடைய முதல் சொல் இது என்றான். தரிசு, விதை, வரப்பு எதுவும் இல்லை.

"எங்கண்ணனுக்கு எந்தக் காட்டுலயும் ஒருத்தரும் கெழங்கு குடுக்கக் கூடாது. பழம் கூடாது. தேனு கூடாது. குடுத்தா அடுத்த விதைப்புல அந்த ஊட்டுக்கு ஆள் வராது."

சிரிப்பு. எனக்குக் காது வரை சூடு. நான் தோளில் தூக்கி வளர்த்த பயல். எழுந்து வந்துவிட்டேன். பொன்னி சிரிப்பை அடக்கிக்கொண்டு இதை எழுதுகிறாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

கார்த்திகை 20, திங்கள்

மழை மூட்டம். மேல்காட்டு வழியாக நடந்து பார்த்தேன், தடி ஊன்றி. அறுப்புக்காரப் பெண்கள் என்னைக் கண்டதும் கிழங்குக் கூடை மேல் முந்தானையைப் போட்டு மூடினார்கள். ஒரு குட்டிப் பெண் வாழைப்பழத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு நானே சொல்லி நிற்காத ஆசை அவன் சொல்லுக்கு நிற்கிறது. இதை ஒப்புக்கொள்வது கஷ்டம்.

சாயங்காலம் குப்பாயி முயல் கறி வைத்தாள். யார் கொடுத்தது என்றேன். "உங்க மூத்தவன்" என்றாள். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கறியில் மிளகு தூக்கல், ஆனால் நல்ல கறி.

கார்த்திகை 26, ஞாயிறு

புண்ணில் சீழ் இல்லை. ஓரம் இன்னும் கறுப்பு. உள்ளே சிவப்பாகத் தெரிகிறதா என்று பொன்னியைப் பார்க்கச் சொன்னேன். தெரிகிறது மாதிரி இருக்கிறது என்கிறாள். எனக்காகச் சொல்கிறாளா?

ஏழாவது வீடும் முடிந்தது. சடையனுக்குத் தொப்பை.

கார்த்திகை 29, புதன்

டோலியில் இறங்கி ஏறியாயிற்று. உடம்பெல்லாம் வலி. சுருக்கமாக.

குழல்: பச்சை. நீலம் இல்லை, பச்சை. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். புண்ணை இடுக்கியால் சுரண்டினார், கறுப்பு தோலோடு வந்தது, அடியில் ரத்தம் கசிந்தது. ரத்தம் வருவது நல்லதாம். கத்தி இப்போதைக்கு வேண்டாம், தையில் வாருங்கள், வாய் இப்படியே இருக்கட்டும் என்றார். தாளை வாங்கிப் படித்தார். புளியங்காய் என்று ஒரு இடத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பி வரும்போது ஏற்றம் முடிகிற இடத்தில் சடையன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. டோலியை இறக்கச் சொன்னான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. துணியை அவிழ்த்துக் காலைப் பார்த்தான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.