சொப்பு அடுப்பு

அன்புள்ள அத்தானுக்கு,

இது ஆறாவது கடிதம். பதில் போட உங்களுக்கு நேரமிருந்திருக்காது.

நாங்கள் நலம். முகாமில் மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்துவிடுகிறார்கள். அறையில் அடுப்பு வைக்கத் தடை. எனக்கென்ன, மகாராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஒரு வெங்காயம் கிடைத்தது. நறுக்கினேன், வதக்க வழியில்லை. அன்று முழுக்கக் கையைக் கழுவவில்லை.

நம் மகளுக்கு யாரோ சொப்புச் சாமான் கொடுத்தார்கள். குட்டி அடுப்பைத் தூக்கி, "இது எதுக்கும்மா?" என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டாள். பொம்மைகளுக்கு ஆளுக்கொரு தட்டு கொடுத்து வரிசையில் நிறுத்தினாள். "தள்ளாதீங்க. பேர் கூப்பிட்டாத்தான் சோறு" என்று அதட்டினாள்.

கடைசியில் ஒரு பொம்மை தட்டில்லாமல் நின்றது. யாரென்று கேட்டேன்.

"அது அப்பா. அவரு பேரு லிஸ்ட்ல இல்லம்மா."

நான் சமைத்து, உப்பு கூடிப்போச்சு என்று நீங்கள் ஒருநாள் திட்டினால் போதும்.

உங்கள் மனைவி